கோபுர நிழலில் இரண்டு இரவுகள்

மதுரைக்கு வரும் குடும்பங்களுள் பல, ஒரு நாளின் முற்பகலை மட்டுமே அந்நகருக்கு ஒதுக்குகின்றன. வைகறையில் வேன் புறப்படுகிறது. ஒன்பது மணியளவில் தெற்குக் கோபுரம் கண்ணில் படுகிறது. வரிசையில் நின்று அம்மனையும் சுவாமியையும் தரிசித்து, பொற்றாமரைக் குளத்தின் படியில் சற்றே அமர்ந்து, நடை சாத்தும் வேளையில் வெளியே வந்து, உணவு முடித்து இராமேசுவரத்துக்கோ கன்னியாகுமரிக்கோ வண்டி ஏறிவிடுகின்றனர். தரிசனம் கிட்டியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அன்று மாலை நான்கு மணிக்கு மீண்டும் நடை திறந்து, இரவில் சொக்கநாதரின் திருவடி பல்லக்கில் ஏறி அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளும்போது, அவர்கள் நூறு கல் தொலைவில் நெடுஞ்சாலையில் இருக்கின்றனர்.

மதுரையைக் காண இரண்டு இரவுகள் தேவை. அவ்விரண்டு இரவுகளும் கோயிலிலிருந்து நடந்து சேரும் தொலைவில் கழிய வேண்டும். நகரின் புறத்தே விசாலமான விடுதிகள் பல இருப்பினும், பழைய நகரின் நடுவே தங்குவதற்கு ஈடாக அவை ஆவதில்லை. அதற்கான காரணம் இந்நகரின் அமைப்பிலேயே இருக்கிறது.

மாதங்களின் பெயரால் அமைந்த வீதிகள்

கோயிலை நடுவே வைத்து, ஒன்றைச் சூழ்ந்து மற்றொன்றாகச் சதுரச் சதுரமாக வீதிகள் அமைந்த ஊர் மதுரை. திருமதிலுக்கு உள்ளேயே இருப்பவை ஆடி வீதிகள். மதிலை ஒட்டி வெளியே இருப்பவை சித்திரை வீதிகள். அடுத்து ஆவணி மூல வீதிகள். அதற்கும் அப்பால் மாசி வீதிகள். தமிழ் மாதங்களின் பெயரைத் தாங்கிய இவ்வீதிகள் இறைவனும் இறைவியும் உலா வருவதற்கென்றே வகுக்கப்பட்டவை. மக்கள் குடியிருப்பும் கடைவீதியும் அந்த உலாப் பாதையை ஒட்டி வளர்ந்தன.

கூர்ந்து நோக்குவோருக்கு ஓர் ஐயம் எழும். சித்திரைப் பெருவிழாவின் தேர் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுவது ஏன்? மாசி மாதத்தில் நடைபெற்று வந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் வைகையில் எழுந்தருளும் விழாவோடு இணைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. திருவிழாவின் மாதம் மாறியது. பெரிய தேருக்கு வேண்டிய அகன்ற வீதி மாறவில்லை. 1623 முதல் 1659 வரை ஆண்ட ஒரு மன்னரின் முடிவு, இன்றும் மாசி வீதிகளில் வடம் பிடிப்போரின் கைகளில் தொடர்கிறது.

மாசி வீதிகளுக்கு வெளியே ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840களில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், நெரிசலில் மூச்சுத் திணறிய நகரை விரிவாக்க எண்ணிச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அந்நிலத்தில் புதிய வீதிகள் தோன்றின. அப்பணியோடு தொடர்புடையோரின் பெயர்களே மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் நிலைத்தன. கோட்டைக்கு வெளியே இருந்ததால் அடுத்த வீதி வெளி வீதி எனப்பட்டது. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே கோட்டையின் மேற்கு வாசலில் எஞ்சிய பகுதியை இன்றும் காணலாம்.

வெளியூர் அன்பர்கள் மிகுதியாகத் தங்கும் விடுதிகள் நெருங்கி நிற்பது இந்த மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும், அதைக் கடந்து கோயிலின் மேற்குக் கோபுரத்தை நோக்கிச் செல்லும் டவுன்ஹால் ரோட்டிலும்தான். பழைய அகழியும் சுவரும் இருந்த நிலத்தின்மேல் இன்றைய யாத்திரிகர்கள் உறங்கி எழுகின்றனர்.

தங்குமிடம் தேர்வு செய்தல்

யாத்திரிகர்களுக்கு இடம் கொடுப்பது இவ்வூருக்குப் புதிதன்று. ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரம், நாயக்க அரசி ராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கி நிற்பது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிப் பொறுப்பேற்ற அவ்வரசி, சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பெயர் பெற்றவர். ரயில் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நடந்தும் மாட்டு வண்டியிலும் வந்தவர்களுக்காக எழுந்த அறம் அது.

இன்று இவ்வட்டாரத்தில் எளிய லாட்ஜ் முதல் குளிர்சாதன வசதியுள்ள ஓட்டல் வரை எல்லா நிலைகளிலும் அறைகள் கிடைக்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து கோயில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இடையில் எங்கு தங்கினாலும் நடைதான். சில விடுதிகளின் மொட்டைமாடி உணவகத்திலிருந்து கோபுரங்கள் ஒருசேரத் தெரிவதும் உண்டு.

முன்பதிவு செய்யுமுன் விசாரித்து அறிய வேண்டியவை மூன்று. முதலாவது, வாடகைக் கணக்கு. சில விடுதிகளில் அறைக்குள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். வேறு சிலவற்றில் நண்பகலுக்கு நண்பகல். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் பாண்டியன் விரைவு ரயில் விடியற்காலையில் மதுரையைச் சேர்கிறது. நண்பகல் கணக்குள்ள விடுதியில் பதிவு செய்தவர்கள், பெட்டிகளுடன் வரவேற்பறையில் காத்திருக்கவோ கூடுதல் நாள் வாடகை தரவோ நேரிடும். இரண்டாவது, மின்தூக்கி. பழைய கட்டடங்கள் சிலவற்றில் அது இராது. முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு மூன்றாம் மாடி அறை தண்டனையாகிவிடும். மூன்றாவது, வாகனம் நிறுத்துமிடம். இவ்வீதிகள் குறுகியவை, கோயிலைச் சூழ்ந்த சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதியும் இல்லை.

கோயில் மணியே கடிகாரம்

பயணத் திட்டம் வகுப்போர் பலர் பார்க்க வேண்டிய இடங்களை முதலில் வரிசைப்படுத்துகின்றனர். மதுரையில் நேரத்தை முதலில் வரிசைப்படுத்துவதே பொருத்தம். வழக்கமான நாள்களில் மீனாட்சி அம்மன் கோயில் அதிகாலை 5 மணிக்குத் திறந்து பிற்பகல் 12.30 மணிக்குச் சாத்தப்படுகிறது. மாலை 4 மணிக்குத் திறந்து இரவு 10 மணி வரை இருக்கிறது. விழாக் காலங்களிலும் கிரகண நாள்களிலும் இது மாறும். நகரின் மற்ற கோயில்களும் நண்பகலில் ஓய்வு கொள்பவையே.

எனவே காலையும் மாலையும் கோயிலுக்கு. முற்பகலின் பிற்பகுதி அரண்மனைக்கும் கடைவீதிக்கும். நண்பகல் முதல் நான்கு மணி வரை அறையில் ஓய்வுக்கு. மதுரை வெயிலில் சூடேறிய கல்தளத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இந்த ஓய்வின் அருமை தெரியும். அறை அருகில் இருந்தால்தான் இந்த ஓய்வு வாய்க்கும். புறநகரில் தங்கியவர்கள் ஒருமுறை திரும்பிப் போனால் மாலையில் மீண்டும் நெரிசலைக் கடந்து வரத் துணியார். குடும்பத்தில் மூத்தவரின் கால்வலுவே திட்டத்தின் அளவுகோலாக இருக்கட்டும். இன்னொரு முறை வரலாம் என்ற உறுதி இளையவர்களுக்கு உண்டு. எண்பதை நெருங்கும் தாத்தாவுக்கு இதுவே மதுரையைக் காணும் கடைசி வாய்ப்பாகவும் இருக்கக்கூடும்.

முதல் நாள்

விடியலில் வந்து இறங்கி நீராடியவர்கள் முதற்காலையைக் கூடலழகர் பெருமாளுக்கு உரியதாக்கலாம். பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே அமைந்த இத்திருக்கோயில் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்று. அஷ்டாங்க விமானத்தின் மூன்று நிலைகளில் பெருமாள் இருந்த, நின்ற, கிடந்த திருக்கோலங்களில் காட்சி தருகிறார். பாண்டியன் அவையில் பரத்துவத்தை நிலைநாட்டி யானைமேல் உலா வந்த பெரியாழ்வாருக்குப் பெருமாள் வானில் காட்சி தந்ததும், காட்சி கண்ட ஆழ்வார் இறைவனுக்கே கண்ணேறு படுமோ என அஞ்சித் திருப்பல்லாண்டு பாடியதும் இத்தலத்தில்தான் என்பது வைணவ மரபு.

மாலையில், நடை திறப்பதற்குச் சற்று முன்னரே கிழக்குப் பக்கம் சென்றுவிடுவது நலம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபம் இருக்கிறது. இறைவனின் வசந்த விழாவுக்கெனக் கட்டப்பட்டது. தையற்காரர்களும் பாத்திரக் கடைகளும் ஆன்மிக நூல் விற்போரும் நெடுங்காலம் இதன் தூண்களுக்கு இடையே தொழில் நடத்தினர். அதற்கும் கிழக்கே, அடித்தளத்தோடு நின்றுபோன இராய கோபுரத்தைக் காணலாம். முற்றுப்பெற்றிருந்தால் அது எவ்வளவு உயர்ந்திருக்கும் என்பதை அந்த நிலைக்கற்களின் பருமனே உணர்த்தும்.

அன்று வெள்ளிக்கிழமையாக அமைந்தால், மாலையில் பொற்றாமரைக் கரையிலுள்ள ஊஞ்சல் மண்டபத்தில் அம்மையும் அப்பனும் பொன்னூஞ்சலில் ஆடும் காட்சி கிடைக்கும். வெள்ளியன்று கூட்டமும் மிகுதி. அமைதியை விரும்புவோர் வேறு நாளைத் தேர்வது நலம்.

இரண்டாம் நாள்

மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்து செல்வோருக்குக் கோயில் வேறு முகம் காட்டும். கூட்டம் குறைவு, கல்தளத்தில் இரவின் குளிர்ச்சி இன்னும் இருக்கும். அட்டசக்தி மண்டபத்தின் வழியே நுழைந்து, முதலில் அன்னை மீனாட்சியை வணங்கிப் பின்னரே சுந்தரேசுவரரிடம் செல்வது இவ்வூர் மரபு. இங்கு அவளே பட்டத்தரசி. சித்திரையில் முடிசூடும் அன்னை நான்கு மாதமும், ஆவணியில் முடிசூடும் சொக்கநாதர் எட்டு மாதமும் ஆள்வதாக ஐதிகம்.

அம்மன் சந்நிதியிலிருந்து சுவாமி சந்நிதிக்குச் செல்லும் வழியில் முக்குறுணிப் பிள்ளையார் வீற்றிருக்கிறார். வண்டியூர்த் தெப்பக்குளத்தைத் தோண்டியபோது கிடைத்த திருமேனி இது என்பர். விநாயக சதுர்த்தியன்று மூன்று குறுணி அரிசியில் கொழுக்கட்டை படைப்பதால் இப்பெயர். அடுத்து வெள்ளியம்பலத்தில் நடராசரைக் குழந்தைகளுக்குக் காட்டிப் பெரியவர்கள் ஒரு வினா கேட்கலாம்: மற்றத் தலங்களில் கண்ட நடராசருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? பிற தலங்களில் இடக்காலைத் தூக்கி ஆடும் பெருமான், இங்கு வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். ஒரே காலில் நின்றால் வலிக்குமே என வருந்திய பாண்டியனின் வேண்டுகோளுக்கு இரங்கிக் கால் மாறி ஆடினார் என்பது திருவிளையாடல் வரலாறு.

ஆயிரங்கால் மண்டபம் இன்று கலைக்கூடமாக விளங்குகிறது. அங்குள்ள தூண்கள் உண்மையில் 985. எந்தக் கோணத்தில் நின்று நோக்கினாலும் தூண்கள் நேர்வரிசையில் தோன்றும்படி அமைத்த சிற்பிகளின் கணக்கை, நிதானமாக நின்றால்தான் உணர முடியும்.

கோயிலுக்குள் நிற்கும்போது நினைவுகூர வேண்டிய நாள் ஒன்றும் உண்டு. 1939 ஜூலை 8 அன்று, மதுரை அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்கள் ஆலயத்துக்குள் நுழைந்து அன்னையைத் தரிசித்தனர். பின்னாளில் அமைச்சராகிய கக்கனும் அவர்களுள் ஒருவர். அனைவருக்கும் திறவாத கோயிலுக்குள் செல்வதில்லை என்றிருந்த காந்தியடிகள், 1946ஆம் ஆண்டில்தான் இக்கோயிலுக்குள் வந்தார்.

சிற்றுண்டிக்குப் பின் முற்பகலில் தெற்கு நோக்கி நடந்தால் விளக்குத்தூண் வரும். கோட்டையை அகற்றிய பிளாக்பர்னின் நினைவாக எழுந்தது அது. அருகிலுள்ள குறுகிய சந்தில், துணிக்கடைகளுக்கு நடுவே, பிரம்மாண்டமான பத்துத் தூண்கள் தனித்து நிற்கின்றன. திருமலை நாயக்கரின் அரண்மனை ஒரு காலத்தில் இதுவரை பரவியிருந்ததற்குச் சான்று அவை. 1636இல் எழுந்த அம்மாளிகையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிராப்பள்ளிக்குத் தலைநகரை மாற்றியபோது பெரும்பகுதி பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு எஞ்சியதைச் செப்பனிடச் செய்தார். சொர்க்க விலாசத்தின் நடுவே நின்று மேல்நோக்கினால் அந்தக் கால்பங்கின் பெருமையே மலைக்க வைக்கும். இதை ஆண்டவர் தம் அரண்மனைக்குச் செய்ததைவிடக் கோயிலுக்குச் செய்தவையே நிலைத்திருக்கின்றன என்பதும் அங்கே தோன்றும்.

அன்று மாலை மேலமாசி வீதிக்கு. விடுதிக்கு அடுத்த வீதி என்பதால் அவசரம் இல்லை. அங்கு இம்மையிலும் நன்மை தருவார் திருக்கோயில் உள்ளது. மதுரையின் மன்னராக முடிசூடுமுன், சொக்கநாதர் தாமே சிவலிங்கம் நிறுவிப் பூசித்த தலம் என்பது வரலாறு. அரசுப் பொறுப்பு ஏற்குமுன் இறைவனே இறைவனை வணங்கினான் என்ற அந்தச் செய்தியால், புதிய பணியோ தொழிலோ தொடங்குவோர் இங்கு வந்து வேண்டிச் செல்கின்றனர்.

அதே வீதியில் மதனகோபால சுவாமி கோயிலும் இருக்கிறது. இக்கோயிலைச் சேர்ந்த மண்டபத்தின் கல்தூண்கள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்தன. இன்று அவை அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் ஒரு கூடமாக நிற்கின்றன. காந்தியடிகள் மேலாடை துறந்து, எளிய உழவரைப் போல் அரையாடை பூண்டதும் இம்மேலமாசி வீதி இல்லம் ஒன்றில்தான். நாள் 1921 செப்டம்பர் 22. வீதியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடப்பதற்குள் புராணமும் வரலாறும் இவ்வாறு அடுத்தடுத்து வருகின்றன. நடையில் களைத்தவர்களுக்கு வழியோரத்தில் பருத்திப்பாலும் ஜிகர்தண்டாவும் கிடைக்கும். மல்லிகைச் சரம் தொடுப்போரும் இருப்பர்.

பள்ளியறைக்கு எழுந்தருளல்

இரவு ஒன்பது மணிக்கு மேல் மீண்டும் கோயிலுக்குச் செல்ல வேண்டும். அறை அருகில் இருப்பதன் பயன் முழுமையாக விளங்குவது இப்போதுதான். பகலெல்லாம் நடந்த களைப்பில் பிள்ளைகள் முணுமுணுக்கக்கூடும். மாலையில் சிறிது உறங்கியிருந்தால் எழுந்து வருவர்.

சுவாமி சந்நிதியிலிருந்து சொக்கநாதரின் திருவடி பல்லக்கில் புறப்படுகிறது. வாத்தியம் முழங்க, தூப தீபங்களுடன், பிராகாரத்தின் வழியே அம்மன் சந்நிதிக்கு எழுந்தருள்கிறது. பகலில் வரிசையில் நெருக்கியடித்து நின்றவர்கள், இங்கே பல்லக்கின் பின்னே அமைதியாக நடக்கின்றனர். பள்ளியறையில் திருவடியை எழுந்தருளச் செய்து, பால் முதலிய நிவேதனமும் தீபாராதனையும் முடிந்தபின் திருக்கதவம் சாத்தப்படுகிறது. ஆலவாயின் அரசனும் அரசியும் இல்லறத்தாராகத் துயில் கொள்ளும் இவ்வேளையைக் காண்பது, கணவனும் மனைவியும் ஒற்றுமையாய் வாழ அருளும் என்பது அன்பர்களின் நம்பிக்கை. ஒவ்வோர் இரவும் நடைபெறும் இவ்வழிபாட்டுக்கு உள்ளூர்க்காரர்கள் நாள்தோறும் வருவதுண்டு. முற்பகலோடு ஊரைக் கடந்துவிடும் வேன்களுக்கு இது வாய்ப்பதில்லை.

மூன்றாம் நாள் காலையும் சில குறிப்புகளும்

ஊர் திரும்பும் நாளின் காலையில் ஒன்றே ஒன்றைத் தேர்வது நலம். முருகனடியார்கள் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பரங்குன்றம் செல்லலாம். ஆறுபடை வீடுகளுள் முதலாவதான இத்தலத்தில் மூலவர் குன்றைக் குடைந்து வடிக்கப்பட்டவர். ஆகவே அபிடேகம் வேலுக்கே நடைபெறுகிறது. வரலாற்றில் ஆர்வமுள்ளோர் வைகையைக் கடந்து, பழைய தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்தைக் காணலாம். விடுமுறை நாளை முன்னதாக விசாரித்துக்கொள்ள வேண்டும். காற்றாட அமர விரும்புவோருக்கு 1645இல் திருமலை நாயக்கர் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் உண்டு. அழகர்கோவிலையும் பழமுதிர்சோலையையும் இதே காலையில் திணிக்காமல் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் பாதுகாப்பறை வரிசையில் நிற்கும் நேரம் மிஞ்சும். ஆடை மரபுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். சித்திரைப் பெருவிழா நாள்களில் நகர் முழுதும் மக்கள் வெள்ளம். விழாவைக் காணவே வருவோர் பல வாரங்களுக்கு முன்பே அறை பதிவு செய்தாக வேண்டும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் மிகுதியாக வருவர். முதியோருடன் வருவோருக்கு, விழாக்களுக்கு இடைப்பட்ட வார நாள்களே உகந்தவை.

இரண்டு இரவுகளுக்கு ஆகும் வாடகை, சில குடும்பங்களுக்குப் பெரிய தொகையே. அத்தகையோர் இரண்டு ஊர்களுக்குத் திட்டமிட்டிருந்தால், ஓர் ஊரை விடுத்து மதுரையிலேயே தங்குவது பற்றி எண்ணிப் பார்க்கலாம். வழிச்செலவில் மிஞ்சுவது அறை வாடகைக்கு ஆகும். வேனில் கழியும் நேரமோ, பொற்றாமரைக் கரையில் பாட்டியும் பேரனும் அருகருகே அமர்ந்திருக்கும் நேரமாகும். அன்னை மீனாட்சியின் திருவருள் அவர்களுக்குத் துணை நிற்பதாக.